யார் யாரைச் சுமப்பது: எபிரேயத் தீர்க்கதரிசிகளின் விக்கிரக வசனங்களை முதன்முறை வாசிப்பவர்களுக்கு

ஏசாயாவையோ எரேமியாவையோ முதன்முறை கையில் எடுப்பவர்களில் பலர் ஒரே இடத்தில்தான் தடுக்கி நிற்கிறார்கள். ஒருவன் மரத்தை வெட்டுகிறான், பாதியை அடுப்பில் வைக்கிறான், மீதியைச் செதுக்கிக் கும்பிடுகிறான் என்று வரும் பகுதி அது. சிலர் "சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்" என்று தலையாட்டிவிட்டு அடுத்த அதிகாரத்துக்குப் போய்விடுவார்கள். சிலர் "அடுத்தவர் சாமியைக் கேலி பேசுவதா?" என்று முகம் சுளித்து மூடிவைத்துவிடுவார்கள். இரண்டு தரப்புமே அவசரப்பட்டுவிட்டது என்பேன். அந்த வரிகளை எழுதியவர்கள் ஜெயித்தவர்கள் அல்ல. ஊர் எரிந்து, ஆலயம் இடிந்து, ராஜா கண் பிடுங்கப்பட்டு விலங்கோடு இழுத்துச் செல்லப்பட்ட பிறகு, அந்நிய நகரத்தில் உட்கார்ந்திருந்த ஜனங்களுக்காகப் பேசப்பட்ட வார்த்தைகள் அவற்றில் பல. அதை மனதில் வைத்துக்கொண்டால் அதே வரிகள் வேறு மாதிரி கேட்கும்.

சில நாட்களில் முடிக்கக்கூடிய ஒரு வாசிப்பு வரிசையைக் கீழே தருகிறேன். ஒரு நாளைக்கு ஒரு பகுதி போதும்.

முதலில் கையில் இருக்க வேண்டியவை

இரண்டு தமிழ் மொழிபெயர்ப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று, புராட்டஸ்டண்ட் சபைகளில் வழங்கும் பழைய மொழிபெயர்ப்பு. மற்றது 1995-ல் வந்த திருவிவிலியம். பெயர்கள் கொஞ்சம் மாறும். முன்னதில் ஏசாயா, ஓசியா, ஆபகூக் என்றிருப்பது பின்னதில் எசாயா, ஓசேயா, அபக்கூக்கு என்றிருக்கும். குழம்ப வேண்டாம், அதிகார எண்கள் பெரும்பாலும் ஒன்றுதான்.

ஏன் இரண்டு? தமிழில் "விக்கிரகம்" என்ற சொல்லுக்குக் கோயில் வாசனை உண்டு. அதைப் பக்தியோடு சொல்கிறவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். எபிரேயத்தில் இந்த இடங்களில் அடிக்கடி வரும் "பெசெல்" என்ற சொல்லில் அந்த மரியாதை கிடையாது. அது "செதுக்கு" என்ற வினையிலிருந்து பிறந்தது. "செதுக்கினது" என்று சொன்னாற்போல இருக்கும். அதோடு சேர்ந்து வரும் "மஸ்ஸேகா" என்பது உருக்கி வார்த்தது. திருவிவிலியம் "சிலை" என்று எழுதும்போது இந்தத் தொழில் வாசனை ஓரளவு திரும்பி வருகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசித்தால், எது எபிரேயத்தின் சூடு, எது தமிழ்ச் சொல்லின் சுமை என்று பிரித்துப் பார்க்க வரும்.

அப்புறம் ஒரு துண்டுச் சீட்டு. அதில் நான்கு ஆண்டுகளை எழுதிப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கி.மு. 722, வட இஸ்ரவேலின் தலைநகரான சமாரியா அசீரியரிடம் விழுந்தது. கி.மு. 597, எருசலேமிலிருந்து முதல் பெரிய நாடுகடத்தல். கி.மு. 586, ஆலயம் எரிந்தது. கி.மு. 539, பெர்சிய அரசன் கோரேசு பாபிலோனைப் பிடித்தான். ஓசியா முதல் தேதிக்கு முன்னால் நிற்கிறார். எரேமியா நடு இரண்டையும் கண்ணால் பார்த்தவர். ஏசாயா 40 முதல் 55 வரையுள்ள அதிகாரங்கள் கடைசித் தேதியை ஒட்டிய நாட்களின் குரல் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து.

தொடங்க வேண்டிய இடம்: ஓசியா 8

புதிதாக வருகிறவர்களை நேராக ஏசாயா 44-க்கு அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை. அங்கே தொடங்கினால், தீர்க்கதரிசிகள் வெளியாரைத்தான் திட்டினார்கள் என்ற எண்ணம் ஒட்டிக்கொள்ளும். ஓசியா 8-ஆம் அதிகாரத்தின் 4 முதல் 6 வரை பாருங்கள். அங்கே நொறுங்கப்போவது சமாரியாவின் கன்றுக்குட்டி. இஸ்ரவேலின் சொந்தக் கன்றுக்குட்டி. பெத்தேலிலும் தாணிலும் யெரொபெயாம் ராஜா பொன் கன்றுக்குட்டிகளை நிறுத்திய கதை 1 இராஜாக்கள் 12-ல் இருக்கிறது. "உங்களை எகிப்திலிருந்து கொண்டுவந்த தெய்வம் இதுவே" என்ற பொருளில்தான் அவன் அவற்றைக் காட்டினான். தன் ஜனங்களின் பக்தியைப் பார்த்துத்தான் ஓசியா சொல்கிறார்: அதைத் தட்டான் செய்தான், அது தெய்வம் அல்ல.

அதே கையோடு 2 இராஜாக்கள் 18:4-ஐயும் பார்த்துவிடுங்கள். மோசே செய்ததாகச் சொல்லப்படும் வெண்கலப் பாம்பை எசேக்கியா ராஜா உடைத்துப்போடுகிறார், ஜனங்கள் அதற்குத் தூபம் காட்டிவந்ததால். மோசேயின் கை பட்டது என்பதுகூட அதைக் காப்பாற்றவில்லை.

மண்ணுக்கடியிலிருந்து வந்த சாட்சியும் இதோடு ஒத்துப்போகிறது. சினாய்ப் பாலைவனத்தில் குந்தில்லெத் அஜ்ருத் என்ற இடத்தில் 1975-76-ல் தோண்டியபோது, கி.மு. 800-ஐ ஒட்டிய காலத்துப் பெரிய ஜாடிகள் கிடைத்தன. ஒன்றில் "சமாரியாவின் யாவேயாலும் அவருடைய அஷேராவாலும்" ஆசி கூறும் எழுத்து இருக்கிறது. யாவே என்பது இஸ்ரவேலின் கடவுளின் பெயர், தமிழில் "கர்த்தர்" என்று வாசிப்பது அதைத்தான். அஷேரா என்பது தேவியா, மரக்கம்பமா என்று இன்றும் வாதம் நடக்கிறது. யூதாவின் வீடுகளிலிருந்தோ, மார்பைக் கையால் தாங்கி நிற்கும் பெண் உருவச் சுடுமண் பொம்மைகள் நூற்றுக்கணக்கில் எடுக்கப்பட்டிருக்கின்றன. தீர்க்கதரிசிகள் பேசியது அந்தப் பொம்மைகள் இருந்த வீடுகளை நோக்கித்தான்.

இரண்டாவது: ஏசாயா 46, முதல் ஏழு வசனங்கள்

எல்லாப் பகுதிகளுக்கும் சாவி இதுதான் என்று நினைக்கிறேன். ஒரு பென்சில் எடுத்து, "சுமக்க", "ஏந்த", "தாங்க", "பாரம்" என்று வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் அடிக்கோடு போடுங்கள். ஏழே வசனங்களில் எத்தனை கோடுகள் விழுகின்றன என்று பாருங்கள்.

காட்சி இது. பேல் குனிகிறது, நேபோ சாய்கிறது. பேல் என்பது பாபிலோனின் தலைமைத் தெய்வமான மர்தூக்கின் பட்டப்பெயர். நேபோ என்பது அவருடைய மகன் நபூ, பக்கத்து ஊரான போர்சிப்பாவின் தெய்வம். ஒவ்வொரு வசந்தத்திலும் வரும் அகீத்து என்ற புத்தாண்டு விழாவில் நபூ படகேறிப் பாபிலோன் வருவார், தெய்வங்கள் ஊர்வலமாகப் போவார்கள். நாடுகடத்தப்பட்ட யூதர்கள் அந்த மாநகரத்தின் மகிமையை அருகிலிருந்து பார்த்தவர்கள். "நம்மை ஜெயித்த தெய்வம் இதோ போகிறது" என்று அவர்கள் மனது சொல்லியிருக்காதா?

தீர்க்கதரிசி அந்த ஊர்வலத்தையே எடுத்து வேறு ஊர்வலமாக்கிவிடுகிறார். தெய்வங்கள் இப்போது களைத்துப்போன மிருகங்களின் முதுகில் மூட்டையாகக் கிடக்கின்றன. பாரத்தைத் தப்புவிக்க அவற்றால் முடியவில்லை, அவையே சிறைப்பட்டுப் போகின்றன. இது வெறும் கற்பனை அல்ல. கி.மு. 539-ல் கோரேசின் படை நெருங்கியபோது, பாபிலோன் அரசன் நபோனிது சுற்று ஊர்களின் தெய்வச் சிலைகளையெல்லாம் தலைநகருக்குள் கொண்டுவந்து சேர்த்ததை அந்தக் காலத்து ஆப்பெழுத்து (களிமண்ணில் ஆப்பு வடிவில் பதித்த எழுத்து) நாளாகமம் பதிவு செய்திருக்கிறது. தெய்வங்கள் ஊரைக் காக்க வேண்டிய நேரத்தில், ஊர் தெய்வங்களைக் காக்க ஓடியது. அந்தச் சிலைகளைத் தத்தம் ஊர்களுக்குத் திருப்பி அனுப்பியதாகக் கோரேசு எழுதிவைத்த களிமண் உருளை 1879-ல் பாபிலோனில் கிடைத்து, இப்போது லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. மர்தூக்தான் தன்னைத் தேர்ந்தெடுத்ததாக அந்த உருளையில் கோரேசு சொல்கிறான். ஏசாயா 45-ன் தொடக்கமோ அதே கோரேசைக் கர்த்தர் அபிஷேகம் பண்ணினவன் என்று அழைத்து, "நீ என்னை அறியாதிருந்தும்" என்கிறது. ஒரே மனிதன், இரண்டு உரிமைக்குரல்கள்.

இனி 3, 4-ஆம் வசனங்களுக்கு வாருங்கள். தாயின் கர்ப்பத்திலிருந்தே உங்களைத் தாங்கினேன், நரைக்கும் வயதுவரை நானே சுமப்பேன் என்று கர்த்தர் பேசுகிறார். உடனே அடுத்த பக்கம்: பையிலிருந்து பொன்னைக் கொட்டி, தராசில் வெள்ளியை நிறுத்து, தட்டானைக் கூலிக்கு அமர்த்தி, செய்ததைத் தோளில் தூக்கி ஓரிடத்தில் வைக்கிறார்கள். வைத்த இடத்தைவிட்டு அது அசையாது. கூப்பிட்டாலும் பதில் சொல்லாது.

ஆக, கேள்வி கல்லா மரமா என்பதல்ல. நான் சுமக்க வேண்டிய தெய்வமா, என்னைச் சுமக்கும் தெய்வமா என்பதுதான். வீட்டை இழந்து முதுமையை நோக்கிப் போய்க்கொண்டிருந்த ஒரு தலைமுறைக்கு அது எவ்வளவு நெருக்கமான கேள்வி! இந்த வசனங்களை வாய்விட்டு வாசியுங்கள். கேலி என்று நினைத்தது தாலாட்டின் பக்கத்தில் போய் நிற்பதைக் கேட்பீர்கள்.

மூன்றாவது: ஏசாயா 44, வசனம் 9 முதல் 20 வரை

இதற்கு ஒரு முழு நாளைக் கொடுங்கள். இரண்டு முறை வாசியுங்கள்.

முதல் முறை மேலிருந்து கீழே. கொல்லன் கரியில் இரும்பைக் காய்ச்சிச் சம்மட்டியால் அடிக்கிறான், பசிக்கிறது, தண்ணீர் குடிக்காமல் களைத்துப்போகிறான். தச்சன் நூல் பிடிக்கிறான், கோடு கிழிக்கிறான், உளியால் செதுக்குகிறான், கவராயத்தால் அளக்கிறான். மனித உருவம் வருகிறது, வீட்டுக்குள் குடியிருக்க. பிறகு கேதுரு, கர்வாலி என்று மரங்கள். காட்டில் நட்ட கன்றை மழை வளர்க்கிறது. வளர்ந்த மரத்தில் பாதி அடுப்புக்கு. அப்பம் சுட்டு, இறைச்சி பொரித்துத் தின்று, "ஆஹா, குளிர் விட்டது" என்கிறான். மிச்சத்தைத் தெய்வமாக்கி அதன்முன் விழுந்து "என்னை இரட்சியும்" என்கிறான்.

இரண்டாம் முறை, வரிசையைக் கவனியுங்கள். உலோக வேலையில் தொடங்கி மரவேலைக்கு, அங்கிருந்து காட்டுக்கு, காட்டிலிருந்து மழைக்கு என்று பின்னோக்கியே நடக்கிறார் தீர்க்கதரிசி. தெய்வம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் மழையில் போய் முடிகிறது. மழையை யார் தந்தது என்று அவர் கேட்கவில்லை, வாசகன் கேட்பான் என்று விட்டுவிடுகிறார். தொடக்கத்தில் வேலைக்காரனின் பசியும் களைப்பும் வந்ததையும் மறக்காதீர்கள். சக்தி தர வேண்டியதைச் செய்கிறவனுக்கே சக்தி தீர்ந்துபோகிறது.

எபிரேயம் தெரியாதவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு சொல் இங்கே உண்டு. "யாட்சர்" என்றால் உருவாக்கு, குயவன் மண்ணை வனைவதுபோல வனை. விக்கிரகத்தை உருவாக்குகிறவர்களுக்கு அந்தச் சொல்தான் 9, 10, 12-ஆம் வசனங்களில் வருகிறது. அதற்கு முன்னாலும் பின்னாலும், 2, 21, 24-ஆம் வசனங்களில், கர்த்தர் இஸ்ரவேலை உருவாக்கினார் என்பதற்கும் அதே சொல். நடுவில் மனிதன் தெய்வத்தை வனைகிறான், இரண்டு பக்கமும் தெய்வம் மனிதனை வனைகிறது. பகுதியைத் தனியாக வெட்டி எடுத்து வாசித்தால் இது தெரியாது. அதனால் 44-ஆம் அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்தே தொடங்குங்கள்.

முடிவில், 20-ஆம் வசனத்தில், "அவன் சாம்பலை மேய்கிறான்" என்று பழைய மொழிபெயர்ப்பு சொல்லும். ஆடு புல்லை மேய்வதற்கான எபிரேயச் சொல்தான் அது. அடுப்பில் எரிந்த பாதியின் சாம்பல். அந்த மனிதன்மேல் எனக்கு இரக்கம்தான் வருகிறது. தன் வலதுகையில் இருப்பது பொய்யல்லவா என்று தன்னையே கேட்டுக்கொள்ள அவனால் முடியவில்லை என்று அந்த வசனம் முடியும்போது, தீர்க்கதரிசிக்கும் இரக்கம் இருந்திருக்கும் என்றே படுகிறது.

இடையில் நிறுத்தி, எதிர்த்தரப்பைக் கேளுங்கள்

பாபிலோனியர்கள் மரத்துண்டைத் தெய்வம் என்று நம்பிய அப்பாவிகள் அல்ல. புதுச் சிலைக்கு அவர்கள் "வாய் கழுவுதல்" என்ற நீண்ட சடங்கைச் செய்தார்கள். அதன் களிமண் பலகைகள் நினிவேயிலும் பாபிலோனிலும் கிடைத்திருக்கின்றன. வாய் திறக்கப்படாத சிலை தூபத்தை நுகராது, உணவு உண்ணாது, தண்ணீர் குடிக்காது என்று அவர்களுடைய மந்திரமே சொல்கிறது. சடங்கில் கைவினைஞர்களின் கைகளைத் துணியால் கட்டி, மரவாளால் வெட்டுவதுபோலப் பாவனை செய்வார்கள். அவர்கள் "இதை நான் செய்யவில்லை" என்று சத்தியம் செய்ய வேண்டும். செய்தவர்கள் கைத்தொழில் தெய்வங்களே என்பது அதன் கருத்து.

இதை அறிந்தபின் ஓசியாவின் "தட்டான் செய்தான்" என்ற வரிக்குத் திரும்பிப் போங்கள். ஏசாயா 44-ன் உளியையும் நூலையும் பாருங்கள். எந்தக் கையை மறைக்க அந்தச் சடங்கு இத்தனை பாடுபட்டதோ, அதே கையைத்தான் தீர்க்கதரிசிகள் வெளிச்சத்துக்கு இழுத்தார்கள். யெகெஸ்கேல் காஃப்மான் என்ற யூத அறிஞர், விவிலிய எழுத்தாளர்கள் அயலாரின் மதத்தை உள்ளிருந்து புரிந்துகொள்ளவே இல்லை, வெறும் கல்வணக்கம் என்றே நினைத்தார்கள் என்று வாதிட்டார். தெரிந்தே எதிராளியின் பலவீனமான இடத்தில் அடித்தார்கள் என்று சொல்பவர்களும் உண்டு. என் மனம் இரண்டாவது பக்கம் சாய்கிறது. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: இந்தப் பகுதிகளை எடுத்துக்கொண்டு இன்று பக்கத்து வீட்டுக்காரரின் பூஜையறை வாசலில் போய் நிற்பது தவறான வாசிப்பு. ஆறாம் நூற்றாண்டுப் பாபிலோனில் தோற்றுப்போன ஜனம் தன் நம்பிக்கையைக் காத்துக்கொள்ளப் பேசிய பேச்சு அது.

நான்காவது: எரேமியா 10, வசனம் 1 முதல் 16 வரை

இங்கே ஒரு சிறிய சோதனை செய்து பார்க்கலாம். முதலில் முழுவதும் வாசியுங்கள். பிறகு 6, 7, 8, 10 ஆகிய நான்கு வசனங்களையும் விட்டுவிட்டு வாசியுங்கள். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் அந்த வசனங்கள் இல்லை. சாக்கடல் ஓரத்துக் கும்ரானின் நான்காம் குகையில் கிடைத்த ஒரு எபிரேயத் துண்டும் அந்தச் சுருக்கமான வடிவத்தோடுதான் பொருந்துகிறது. சுருக்கமானதில் கேலி இடைவிடாமல் ஓடுகிறது. நீண்டதில் கேலிக்கும் துதிக்கும் நடுவே ஊசலாடுகிறது. எனக்கு நீண்டதுதான் பிடிக்கும். ஆனால் இரண்டையும் கேட்டுவிட்டு நீங்கள் முடிவு செய்யுங்கள்.

11-ஆம் வசனம் எரேமியாவில் அரமேய மொழியில் இருக்கும் ஒரே வசனம். வானத்தையும் பூமியையும் உண்டாக்காத தெய்வங்கள் அழிந்துபோகும் என்பது செய்தி. "உண்டாக்கவில்லை" என்பதற்கு "லா அவதூ" என்ற சொற்கள், "அழிவார்கள்" என்பதற்கு "யேவதூ". ஒலி ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கிறது. அரமேயம் அன்றைக்குப் பேரரசு முழுக்கப் புழங்கிய மொழி. அயலார் கேட்டால் அவர்கள் மொழியிலேயே சொல்ல மனப்பாடமாக ஒரு வரி தரப்பட்டதுபோல இருக்கிறது.

சொற்களுக்கு ஒரு நாள்

"வெறுமை" என்று நாம் பொதுவாகச் சொல்வதற்குத் தீர்க்கதரிசிகளிடம் பல சொற்கள் உண்டு. "ஹெவெல்" என்றால் மூச்சுக்காற்று, ஆவி. குளிர்காலையில் வாயிலிருந்து புகைபோல வந்து மறைவது. பிரசங்கியில் "மாயை" என்று நாம் மனப்பாடமாக வைத்திருப்பது இந்தச் சொல்தான். எரேமியா 2:5-ல், ஹெவெலின் பின்னால் போனவர்கள் தாங்களே ஹெவெல் ஆனார்கள் என்று வருகிறது. "எலிலிம்" என்பது ஒன்றுமில்லாதவை. கடவுளைக் குறிக்கும் "ஏல்", "எலோஹிம்" என்ற சொற்களின் ஒலியைச் சுருக்கிச் சிறுமைப்படுத்தியதுபோலக் கேட்கும். எசேக்கியேலுக்குப் பிடித்தது "கில்லுலிம்", சாண உருண்டை என்ற ஒலி கலந்த வசைச்சொல். பழைய தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் தயங்காமல் "நரகலான விக்கிரகங்கள்" என்று எழுதினார்கள். அந்தத் துணிச்சலை நான் மதிக்கிறேன்.

ஐந்தாவது: எரேமியா 44

பலர் இதைத் தவிர்த்துவிடுவார்கள், தவிர்க்காதீர்கள். ஆலயம் எரிந்தபின் எகிப்துக்கு ஓடிப்போன யூதர்களிடம் எரேமியா பேசுகிறார். ஜனங்கள் எழுந்து பதில் சொல்கிறார்கள். வானராணி என்ற தேவிக்குத் தூபம் காட்டிய நாட்களில் வயிறார அப்பம் கிடைத்தது, ஒரு தீங்கும் வரவில்லை. அதை நிறுத்திய நாள்முதல்தான் பட்டயத்தாலும் பஞ்சத்தாலும் அழிந்தோம் என்கிறார்கள். எங்கள் புருஷர்களுக்குத் தெரியாமலா அவளுக்குப் பணியாரம் சுட்டோம் என்று பெண்கள் கேட்கிறார்கள். 7-ஆம் அதிகாரத்தில் பிள்ளைகள் விறகு பொறுக்க, அப்பாக்கள் தீ மூட்ட, பெண்கள் மாவு பிசைந்த அதே குடும்பங்கள் இவர்கள்.

எரேமியாவின் புத்தகம் அவர்களுடைய வாதத்தை முழுதாக எழுதிவைத்திருக்கிறது. அனுபவத்தை வைத்துப் பேசுகிறார்கள், அந்த வாதத்தில் வலு இருக்கிறது. எரேமியாவின் பதிலையும் அவர்களுடைய பதிலையும் ஒரு தாளில் எதிரெதிரே எழுதிப் பாருங்கள். ஒரே அழிவு, இரண்டு காரணங்கள்.

ஆறாவது: ஆபகூக் 2:18-20

மூன்றே வசனங்கள். மரத்தைப் பார்த்து "விழித்துக்கொள்" என்றும், ஊமைக் கல்லைப் பார்த்து "எழும்பு" என்றும் சொல்கிறவனுக்கு ஐயோ. பொன்னும் வெள்ளியும் பூசப்பட்ட அதற்குள் மூச்சே இல்லை. அங்கே ஊமையாய் இருப்பது தெய்வம், மனிதன் கத்துகிறான். அடுத்த வசனத்தில் கர்த்தர் தம் ஆலயத்தில் இருக்கிறார், பூமியெல்லாம் வாய்மூடி நிற்கிறது. மௌனம் இடம் மாறிவிட்டது. இதை வாசித்த பிறகு சிறிது நேரம் பேசாமல் இருந்து பாருங்கள்.

இதற்குப் பிறகு

திருவிவிலியம் வைத்திருப்பவர்கள் பாரூக்கு நூலின் 6-ஆம் அதிகாரத்தைத் திறக்கலாம். எரேமியாவின் பெயரில் பிற்காலத்தில் எழுதப்பட்ட கடிதம் அது. பழைய புராட்டஸ்டண்ட் பதிப்பில் இருக்காது. எரேமியா 10:5-ல் விக்கிரகம் எதைப் போல நிற்கிறது என்ற இடத்தில் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு பனைமரத்தைச் சொல்கிறது, புதிய மொழிபெயர்ப்புகள் பல வெள்ளரித் தோட்டத்துப் பொம்மையைச் சொல்கின்றன. எபிரேயச் சொல் இரண்டுக்கும் இடம் தருவது. தோட்டத்துப் பொம்மை என்று சொல்கிறவர்களுக்கு இந்தக் கடிதம்தான் பெரிய துணை. அதன் கடைசிப் பகுதியில், வெள்ளரித் தோட்டத்தில் எதையும் காக்காமல் நிற்கும் பொம்மை என்று தெளிவாகவே வருகிறது. அங்கே உள்ள கிரேக்கச் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் கண்ணேறு படாமல் வைப்பது என்ற பொருள் கிடைக்கும். நம் ஊர்த் திருஷ்டிப் பொம்மையேதான்.